முட்டுக்கட்டை

அரவை நடக்கும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டுக்குள் நுழைந்தாலே பாகு வாசம் மூக்கில் ஏறும். கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையோரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஓட்டுநர்கள் டிரெய்லர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வரிசையில் ஒரு டிரெய்லருக்குச் சக்கரம் பஞ்சர். பஸ் வரவில்லை. எனக்கு வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது.

ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் முதலில் ஜாக்கியைத் தொடவே இல்லை. சாலைச் சரிவில் இறங்கி இரண்டு கருங்கல் கொண்டுவந்தார். மறுபக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துக் காலால் உதைத்து இறுக்கினார். அப்புறம் பெட்டியைத் திறந்து, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு பலகையை எடுத்து அச்சுக்கு அடியில் போட்டு, அதன் மேல் பாட்டில் ஜாக்கியை நிறுத்தினார். சக்கரம் தரையைவிட்டு நாலு விரல் கிளம்பியதும் பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டு, கனமான நாலு கட்டைகளைக் கீழே இரண்டு, குறுக்கே இரண்டு என்று அடுக்கினார். ஜாக்கியின் திருகை மெல்லத் தளர்த்தினார். அச்சு ஒரு பெருமூச்சோடு கட்டையின் மேல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

கூட இருந்த பையனுக்குப் பொறுமை இல்லை. “ஜாக்கிதான் நிக்குதேண்ணா, கட்டை என்னாத்துக்கு?”

“ஜாக்கி தூக்குற சாமான்டா. நிறுத்துற சாமான் கட்டை.”

அந்தப் பேச்சு இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் நான் அதை அறியாமல் இருக்கவில்லை. அறிந்தே மீறினேன்.

அப்போது எங்கள் வீட்டில் பழைய மாருதி 800 ஒன்று இருந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்து, போகிற வழியெல்லாம் தகரம் தட்டியது. வண்டியோடு வந்த சிசர் ஜாக்கியை வாசல் மண்ணில் வைத்துப் பக்கவாட்டில் தூக்கினேன். மனசுக்கு ஒரு தைரியமாக இருக்கட்டும் என்று இரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் வைத்தேன். தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. யாரோ கணுக்காலில் குச்சியால் தட்டினார்கள். பெரியப்பா. மாட்டுவண்டி ஓட்டிய காலத்து மனிதர்.

“வெளிய வா.”

“ரெண்டே நிமிஷம் பெரியப்பா.”

“வெளிய வாடா. அப்புறம் பேசலாம்.”

எரிச்சலோடு வந்தேன். அவர் வண்டியின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பலமாகக்கூட இல்லை, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற அளவுக்குத்தான். ஜாக்கி சாய்ந்தது. வண்டி செங்கல்லின் மேல் இறங்கியது. மேல் கல் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிளந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. என் நெஞ்சு இருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன், முஷ்டி நுழையவில்லை.

அவர் திட்டவில்லை. “வண்டிக்கு மை போட நாலு ஆளு சேர்ந்து தூக்குவோம். அச்சுக்கு அடியில உரலை உருட்டிவிட்ட பொறவுதான் கடையாணிய உருவுவோம்,” என்றார். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை எங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் ஒரு கொட்டாங்கச்சியில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நாலு ஆளின் தோள் இருக்கும்போதே உரலைத் தேடியவர்கள் அவர்கள். நானோ ஒற்றை ஜாக்கியை நம்பிப் படுத்தேன்.

மாருதி 800-இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. ஆலையிலிருந்து வெளியே போகும் 50 கிலோ சர்க்கரை மூட்டைகளில் பதின்மூன்று. முன்பக்க மூலை ஒன்றில் மட்டும் நாலு மூட்டை இறங்கும். மாருதிக்கே இப்படி என்றால் பொலேரோவுக்கும் இன்னோவாவுக்கும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி விழுந்தால் ஆள் நசுங்கித்தான் சாவான் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பு ஒன்றுகூட முறிய வேண்டியதில்லை. நெஞ்சு விரிய இடம் இல்லாவிட்டால் மூச்சு உள்ளே போகாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கூப்பிட நினைத்தாலும் குரலுக்கு வேண்டிய காற்று இருக்காது.

இந்த இடத்தில் ‘ரெண்டே நிமிஷம்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான அலட்சியம் சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. வேலை சின்னது என்ற எண்ணத்தால் வருகிறது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போவதும், மெயினை அணைக்காமல் சுவிட்ச் பெட்டியைத் திறப்பதும் இதே கணக்குதான். வேலையின் நீளத்தைக் கொண்டு ஆபத்தை அளக்கிறோம். மேலே நிற்கும் 650 கிலோவுக்கு நம்முடைய இரண்டு நிமிடம் தெரியாது.

ஜாக்கி என்பது என்ன என்று ஒருமுறை பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் மரியாதையும் வரும், பயமும் வரும். தண்ணீரை அழுத்திப் பெரிய பாரத்தைத் தூக்கலாம் என்று காட்டி 1795-இல் ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைக் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கி 1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார். இன்று லாரி கேபினில் கிடக்கும் பாட்டில் ஜாக்கியின் தாத்தா அதுதான். ஆனால் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன சீல், மோதிரம் அளவுக்கு ஒரு வளையம். தூசி ஒரு பொட்டு உள்ளே போனாலும், சீல் பழசாகிக் கெட்டிப்பட்டாலும் எண்ணெய் மெல்லக் கசியும். காலையில் தூக்கிவைத்த வண்டி மதியம் ஒரு விரல் இறங்கி இருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. மெல்லக் கசிவது நல்ல ஜாக்கி. கெட்ட ஜாக்கி ஒரேயடியாகக் கைவிட்டுவிடும். சிசர் ஜாக்கியில் எண்ணெய் இல்லை, மரைதான். அதன் குறை வேறு. அடிப்பாகம் உள்ளங்கை அளவுதான், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. காரோடு கொடுக்கும் கையேட்டிலேயே எழுதியிருக்கும்: டயர் மாற்ற மட்டும், அடியில் போகாதே. கையேட்டை நாம் ஆர்.சி. புத்தகத்தோடு பாலிதீன் உறையில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேன், கியரில் விட்டிருக்கிறேன், போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கியர் பிடிப்பது எஞ்சின் ஓட்டுகிற சக்கரங்களை. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டுகிற சக்கரங்களில் ஒன்று தரையைவிட்டுக் கிளம்பிவிட்டால், டிஃபரன்ஷியல் அதைத் திருப்பிச் சுற்ற விட்டுவிடும். தரையில் இருக்கும் ஜோடிச் சக்கரமும் அந்தத் தயவில் உருளும். கியரின் பிடி அத்தோடு போயிற்று. பழைய அம்பாசடர், ஜீப், பொலேரோ, ஆம்னி இவற்றில் எஞ்சின் ஓட்டுவதும் பின்சக்கரம், ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரம். பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டீர்கள் என்றால் கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. முன்னால் இரண்டு சக்கரமும் கோலிக்குண்டு மாதிரி. அந்த டிராக்டர்காரர் டிஃபரன்ஷியலைப் பற்றிப் படித்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் மறுபக்கத்துச் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடவில்லை.

சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும் என்பதும் அதே அறிவுதான். தூக்கிய பிறகு ஸ்பேனரின் மேல் ஏறி மிதித்தால் நட்டு கழலுமோ இல்லையோ, வண்டி ஆடும்.

இனி மண். எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரை. சாத்தனூர் அணைக்குக் கீழே ஆறு எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஆற்றோர ஊர்கள் பட்ட பாடு தமிழ்நாட்டுக்கே தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு வண்டி வைத்திருக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, அடியில் சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம் என்பதுதான். மேலே காய்ந்து ஏடு கட்டியிருக்கும், உள்ளே களி கிண்டிய மாதிரி இருக்கும். அந்த மண்ணில் ஜாக்கி வைப்பதைவிட ஆபத்தான காரியம் வேறு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் 250 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடி 7 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதே ஜாக்கிக்கு அடியில் 30-க்கு 30 அளவில் கனமான பலகை ஒன்றைப் போட்டால் 300 கிராமுக்கும் குறைவு. டிராக்டர்காரரின் கறுத்த பலகை செய்தது இதைத்தான். அதற்காகப் பலகை இருந்தால் சேற்றிலும் படுக்கலாம் என்று பொருள் இல்லை. டயர் மாற்றலாம். அடியில் போகிற வேலைக்குச் சிமெண்ட் தரை வேண்டும், சரிவில்லாத தரை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச் சாலையில் பஞ்சர் ஆனால், டயர் கிழிந்தாலும் சரி என்று சமதளம் வரும் வரை ஊர்ந்து போய்விடுவதே நல்லது. டயர் கடையில் கிடைக்கும்.

எதை அடியில் கொடுப்பது? செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவருக்கு நல்லவை. கலவை பரப்பி, பாரம் முகம் முழுக்கச் சமமாக இறங்கினால் மாடி வீட்டையே தாங்கும். காரின் அடியில் இருக்கும் இரும்பு விளிம்பு கத்தி மாதிரி ஒரே கோட்டில் இறங்குகிறது. அதைக் கல் தாங்காது. விரிசல் விட்டுச் சொல்லவும் செய்யாது. கருங்கல் உடையாமல் போகலாம், ஆனால் இரும்பு அதன் மேல் வழுக்கும். மரம் வேறு குணம். நசுங்கும், முனகும், நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். அதனால்தான் பழைய ஆட்கள் வேம்பு, கருவேலம் என்று கட்டையைத் தேடினார்கள். இன்று வீட்டில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்லது மூன்று, நான்கு கால் வைத்த இரும்பு ஜாக்கி ஸ்டாண்ட். ஜோடி வாங்கினாலும் நல்ல டயர் ஒன்றின் விலை ஆகாது.

ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், சக்கரத்துக்குப் பக்கமாக, ஜாக்கிக்கென்றே பலப்படுத்திய இடம் உண்டு. பல வண்டிகளில் சின்ன வெட்டு அடையாளம் போட்டிருப்பார்கள். அதை விட்டுத் தரைத் தகரத்தில் வைத்தால் உள்ளே குழியும். ஆயில் சேம்பரில் வைத்தால் செலவு தனி. வைத்த பிறகு ஜாக்கியைத் தளர்த்தி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் அங்கேயே விட்டுவிடலாம். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ விளிம்புக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளிவிட வேண்டும். எல்லாம் ஏமாற்றினாலும் சக்கரத்தின் அகலத்துக்கு ஓர் இடம் மிஞ்சும். கடைசியில் பெரியப்பாவின் தள்ளு. வண்டியை நன்றாக அசைத்துப் பார்ப்பது. விழுவதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போது விழட்டும்.

இத்தனை எதற்கு, ஸ்டாண்ட் போட்டால் போதாதா என்றால் போதாது. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கடைக்காரர்கள் தாங்கள் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பாரம் ஏறி அசையும்போது உள்ளே இருந்த பல் நழுவி ஸ்டாண்ட் இறங்கிவிடலாம் என்பது குறை. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் பற்றவைப்பு சரியில்லை என்று மறுபடி திரும்பப் பெற்றார்கள். தாங்குவதற்கென்றே செய்த பொருளே இப்படி என்றால், ஒன்றுக்கு இரண்டாக முட்டுக் கொடுக்கிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

முட்டுக்கட்டை என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் பார்க்க வேண்டும். இன்று பத்திரிகையைத் திறந்தால் ‘வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை’, ‘பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை’. நல்லது நடக்கவிடாமல் தடுப்பது என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. தேர் ஓடும் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு வேறு பொருள் தெரியும். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தோடு சக்கரமாக ஓடி, கட்டையைச் செருகி, திருப்பத்தில் தேரைத் திருப்பி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறவர்கள் சில பேர்தான். திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது. அதன் பிறகும் கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் நகர்வதில்லை. இழுப்பவனுக்குப் புண்ணியம் என்று வைத்தோம். நிறுத்துகிறவனின் கருவியின் பெயரை வசவாக்கிவிட்டோம்.

ஆப்பசைத்த குரங்கின் கதையிலும் எனக்கு ஒரு பழைய குறை உண்டு. பாதி அறுத்த மரத்தின் பிளவில் ஆப்பைச் செருகிவிட்டுத் தச்சர்கள் சாப்பிடப் போனார்கள். குரங்கு வந்து பிடுங்கி மாட்டிக்கொண்டது. காலங்காலமாகக் குரங்கைத்தான் திட்டுகிறோம். விறைத்து நிற்கும் மரத்தை ஓர் ஆப்பின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சோற்றுக்குப் போன தச்சனை யாரும் கேட்கவில்லை. தூக்கிய காரை அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடியில் உருண்ட பந்தை எடுக்க அவர்களுக்கு நம் அனுமதி தேவைப்படாது.

வீட்டில் செய்யத் தயங்குகிற நாம் ஷெட்டில் கொண்டுபோய் விடுகிறோம். அது நல்லதுதான், குழி இருக்கும் இடமாகவோ லிஃப்ட் இருக்கும் இடமாகவோ இருந்தால். சாலையோரத்துச் சின்ன ஷெட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். மேஸ்திரி வெளியே நின்று, “டேய், உள்ள போய் நட்டைப் பாரு,” என்பார். உள்ளே போகிறவன் உடம்பு சின்னதாக இருப்பதுதான் தகுதி. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயது வரை ஆபத்தான தொழிலில் விடக் கூடாது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பையனின் வயதை நாம் கேட்டதுண்டா? நாம் கேட்பது ஒன்றுதான்: “எவ்வளவு நேரமாகும்ணே?” அந்தக் கேள்விதான் ஸ்டாண்ட் போடாமல் அவனை உள்ளே அனுப்புகிறது. நானும் அப்படி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்போது, “ஸ்டாண்ட் போட்டுக்கங்க அண்ணே, நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்,” என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் மூலையில் கிடந்த துருப்பிடித்த ஸ்டாண்டைத் தட்டி எடுத்து வந்தார். ரொம்ப நாளாக அது அங்கேதான் கிடந்திருக்கிறது.

ஆள் இல்லாத வீட்டில் தனியாக வண்டிக்கு அடியில் போவதை நான் விட்டுவிட்டேன். போகும்போது, “அடியில போறேன்,” என்று உள்ளே குரல் கொடுப்பேன். யாராவது மாட்டிக்கொண்டால் கையால் தூக்கப் பார்க்க வேண்டாம், ஜாக்கியைப் போட்டுத் தூக்கு என்று வீட்டில் சொல்லி, ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறேன். என் மகள் கற்றுக்கொண்டதும் செய்த முதல் காரியம் வண்டியைத் தள்ளிப் பார்த்தது. பெரியப்பா அவளைப் பார்த்ததில்லை.

அன்று அந்த டிராக்டர்காரர் வேலை முடிந்ததும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். அடுத்து அவர் செய்ததைத்தான் நான் எங்கேயும் அதிகம் பார்ப்பதில்லை. வைத்த இரண்டு கல்லையும் தூக்கிச் சாலைக்கு வெளியே கருவேல மரத்தடியில் போட்டுவிட்டு வந்தார். நம் சாலைகளில் ராத்திரி பைக்கில் போகிறவர்களுக்குத் தெரியும், நடு ரோட்டில் காரணமில்லாமல் கிடக்கும் கல் என்ன செய்யும் என்று. ஒருவன் தன் உயிரைக் காக்க வைத்த கல் அது. வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போய்விடுகிறான்.

போன மாதம் சங்கராபுரம் சாலையில் பொழுது சாயும் நேரம் மூன்று கல் கிடந்தது, லாரிச் சக்கரத்தின் இடைவெளிக்குச் சரியாக. வண்டியை ஓரம் கட்டி ஒன்றை எடுத்துப் போட்டேன். எதிரே பைக்கில் வந்தவர் நிறுத்தி, என்ன ஏது என்று கேட்காமல் மற்ற இரண்டையும் எடுத்தார்.